ஃபியாஸ்கோவுக்குப் 'படுதோல்வி' போதாது

ஆங்கிலம்–தமிழ் அகராதி தொகுக்கும் பெரியோருக்கு,

வணக்கம். நான் மொழிபெயர்ப்பு வேலை செய்பவன். உங்கள் அகராதிகள் இல்லாமல் எனக்கு ஒரு நாளும் ஓடாது. அந்த உரிமையில் ஒரே ஒரு சொல்லைப் பற்றி எழுதுகிறேன்: ஃபியாஸ்கோ. புரட்டினால் 'படுதோல்வி', 'முழுத் தோல்வி' என்று வருகிறது. தவறில்லை, ஆனால் பாதிதான் வருகிறது.

ஒரு கட்டுரையை மொழிபெயர்த்தபோது பட்ட பாடு இது. ஏதோ ஒரு திறப்பு விழா. மைக் வேலை செய்யவில்லை, நடுவில் விளக்கு அணைந்தது, தலைமை விருந்தினரின் பெயரையே மாற்றிப் படித்தார்கள். "விழா படுதோல்வியில் முடிந்தது" என்று எழுதினேன். படித்துப் பார்த்த நண்பர் கேட்டார்: "யார்கிட்ட தோத்தாங்க?"

சரியான கேள்வி. தோல்வி என்றதும் தேர்தலோ ஆட்டமோ எதிராளியோ நினைவுக்கு வந்துவிடுகிறது. ஃபியாஸ்கோவுக்கு எதிராளி வேண்டாம், வேடிக்கை பார்க்க ஆள் வேண்டும். அது பிறந்த இடம் அப்படி. இத்தாலிய மொழியில் ஃபியாஸ்கோ என்றால் புட்டி. வைக்கோல் பின்னிய, வயிறு உருண்ட ஒயின் புட்டி. ஆங்கில ஃபிளாஸ்க் அதற்குப் பங்காளி. மேடையில் ஆட்டம் எடுபடாமல் போனால் நாடகக்காரர்கள் 'புட்டி செய்துவிட்டான்' என்றார்கள். அந்த வழக்கு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலத்துக்கு வந்து, அப்புறம் மேடையை விட்டு எல்லா இடத்துக்கும் போனது. ஏன் புட்டி என்பதற்கு வெனிஸ் கண்ணாடித் தொழிலாளர் கதை ஒன்று சொல்வார்கள். அதற்குச் சான்றில்லை, தயவுசெய்து அகராதியில் ஏற்றாதீர்கள்.

பல வருடம் பாடுபட்டும் ஒரு மருந்து பலிக்கவில்லை என்றால் அது தோல்வி. அதை ஃபியாஸ்கோ என்பது அநியாயம். 2017இல் பஹாமாஸில் நடப்பதாக இருந்த ஃபயர் இசைவிழாதான் ஃபியாஸ்கோ. சொகுசு வாசம் என்று காசு வாங்கினார்கள். போனவர்களுக்குக் கிடைத்ததோ பேரிடர் காலத்துக் கூடாரம். ரொட்டியும் சீஸ் துண்டுமாக ஒரு சாப்பாட்டுப் பொட்டலம், அதன் படம் உலகம் முழுக்கச் சுற்றியது.

இதைச் சொல்லத் தமிழில் ஆளில்லையா? சொதப்பல் இருக்கிறது. கேலிக்கூத்து இருக்கிறது. பெரிதாக முழங்கிவிட்டு ஒன்றுமில்லாமல் போனால் புஸ்வாணம். ஊரே பார்த்துவிட்டால் சந்தி சிரித்தது. படம் ஓடவில்லை என்றால் 'ஊத்திக்கிச்சு' என்கிறோமே, இத்தாலியரின் புட்டிக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது பாருங்கள்!

இவை பேச்சு வழக்கு என்று ஒதுக்கியிருப்பீர்கள். ஃபியாஸ்கோவும் கூத்து மேடைப் பேச்சில் பிறந்ததுதானே. 'பேச்சு வழக்கு' என்று குறிப்புப் போட்டே சேருங்கள், ஆளுக்கொரு எடுத்துக்காட்டு வாக்கியமும் கொடுங்கள். நான் கடைசியில் எழுதியதையே வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்: "திறப்பு விழா சந்தி சிரித்துப் போனது."

அன்புடன்,
உங்கள் அகராதியை நம்பி வேலை செய்யும் ஒருவன்