ஃபைன் என்று மட்டும் எழுதும் மகளுக்கு

பாளையங்கோட்டை
ஜூன் 14

அன்புள்ள எஸ்தர்,

ஸ்தோத்திரம். வாட்ஸ்அப் இருக்கும்போது அம்மா எதற்குத் தாளை எடுத்து உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். வாட்ஸ்அப்பில் நான் எதைக் கேட்டாலும் 'ஃபைன் மா' என்று வருகிறது. சாப்பிட்டாயா? ஃபைன் மா. குளிர் விட்டதா? ஃபைன் மா. பிப்ரவரியிலிருந்து எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று. முப்பத்து மூன்று வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவளுக்கு ஒரே சொல் நாற்பத்தொரு தடவை வந்தால் அதைத் தோண்டத்தானே தோன்றும்.

இங்கே எல்லாரும் சுகம். அப்பா ஹெல்மெட் போடாமல் மார்க்கெட்டுக்குப் போய் ஆயிரம் ரூபாய் ஃபைன் கட்டிவிட்டு வந்து, என்னிடம் மூச்சு விடவில்லை. நூறு ரூபாயாக இருந்ததை 2022-ல் ஆயிரமாக்கிய பிறகு அவருக்கு இது இரண்டாவது தடவை. மீன்காரம்மா சொல்லித்தான் தெரியும். "சார் பைனு கெட்டுனாவளாம்லா" என்று சிரிக்கிறாள். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு அந்த ஒரு அர்த்தம்தான். நீ 'ஃபைன் மா' என்று அனுப்பும்போதெல்லாம் எனக்கு அந்த அர்த்தம்தான் முதலில் தட்டுகிறது. என்னத்துக்குக் கட்டுகிறாய், யாரிடம் கட்டுகிறாய் என்று.

வைட்டமின் டி மாத்திரை சாப்பிடுகிறாயா? வெயில் வந்துவிட்டது என்று நிறுத்திவிடாதே.

சரி, சொல்லுக்கு வருகிறேன். மூலம் லத்தீன். ஃபீனிஸ் என்றால் முடிவு, எல்லை. பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்து இரண்டு கிளையாகப் பிரிந்தது. குறையில்லாமல் முடித்தது, அதனால் உயர்ந்தது, நேர்த்தியானது, நுண்ணியது என்று ஒரு கிளை. தகராறை முடித்துக்கொள்ளக் கொடுக்கிற பணம் என்று இன்னொன்று. இங்கிலாந்தில் நிலத்தைக் கைமாற்றும் ஒருவகை உடன்படிக்கைக்கே ஃபைன் என்று பெயர் இருந்தது. 1195-லிருந்து ஒரே தோலில் அதை மூன்று தடவை எழுதி, நெளிவு நெளிவாக வெட்டி, ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு, அடித்துண்டைக் கருவூலத்தில் வைத்துக்கொண்டார்கள். பின்னால் யாராவது புரட்டினால் வெட்டிய ஓரங்களைச் சேர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 1833-ல் சட்டம் போட்டு நிறுத்தும்வரை இந்த முறை இருந்தது. உன் ஃபைனுக்கும் ஓர் அடித்துண்டு எங்கேயோ இருக்கும் எஸ்தர். என்னிடம் இல்லை.

ஃபைனான்ஸும் இதே வீட்டுப் பிள்ளைதான். கடனை அடைத்து முடிப்பது என்று ஆரம்பித்த சொல். நம் ஊர் பைனான்ஸ்காரர்கள் எந்தக் கடனையும் முடிய விட்டதில்லை, அது உன் சித்தப்பாவைக் கேட்டால் தெரியும். உனக்குப் பண நெருக்கடி ஏதும் இல்லையே? கேட்டேன் என்று கோபப்படாதே. இல்லையென்றால் இல்லை என்று எழுது, ஃபைன் என்று எழுதாதே.

கோயில் பாடகர் குழுவில் உன் இசைத்தாளின் நடுவில் ஃபீனே என்று அச்சிட்டிருக்குமே, அது இத்தாலியன். முதலிலிருந்து திரும்ப வாசித்து அந்த இடத்தில் நிறுத்து என்று அர்த்தம். அந்தக் கிறிஸ்துமஸுக்கு நீ நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போனாய், பாஸ்டரம்மா உன்னைப் பார்த்த பார்வை! ஆனால் ஒரு சுரம் பிசகவில்லை. இன்றைக்கும் கோயிலில் உன்னைப் போல வாசிக்க ஆளில்லை என்று சொல்கிறார்கள். நீதான் அங்கே போய் விரலை வைக்கிறாயோ இல்லையோ.

வெள்ளிக்கிழமை ஆபீஸில் எல்லாரும் 'ஃபெய்ன் வீக்எண்ட்' என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்கள் என்று போன வருஷம் சொன்னாயே. டச்சுக்காரருக்கு அது இனிய சொல் மட்டும்தான். விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டி நீ கட்டியது பூட்டெ, அதற்கு வேறு சொல் வைத்திருக்கிறார்கள். நாம் ஒன்றை எடுத்தோம், அவர்கள் இன்னொன்றை. நாம் சொல்லும் துட்டுகூட அவர்களுடைய டோய்ட் நாணயம்தான், அகராதியில் போட்டிருக்கிறது. ஃபைன் இங்கிலீஷ், துட்டு டச்சு, கட்டுகிறவர் அப்பா.

பொடியாக இருப்பதையும் இங்கிலீஷில் ஃபைன் என்பார்கள். நம் மாவு மில்லில் அப்படிச் சொன்னால் அபராதம் போடுகிறாயா என்று கேட்பான். "நைஸாவா, கொரகொரன்னா?" என்றுதான் கேட்கிறான். அந்த நைஸுக்கும் பூர்வீகம் லத்தீன்தான், ஒன்றும் அறியாதவன் என்று அர்த்தம். இங்கிலீஷில் பல நூறு வருஷம் உருண்டு இனியவனாகிவிட்டான். நம்மிடம் வந்து மாவு ஆனான், அப்புறம் நைஸாக நழுவுகிறவனும் ஆனான். இந்த நாலு மாதமாக நீ என்னிடம் செய்வது அதுதான்.

அபராதத்தையும் விடவில்லை நான். வடமொழியில் அது குற்றம். இந்தியிலும் குற்றம். நம்மிடமோ குற்றத்துக்குக் கட்டுகிற பணம். நல்ல தமிழில் சொல்லலாம் என்று தண்டம் என்றால், அதுவும் வடமொழிக் கோல்தான், அப்பா தண்டச்செலவு என்று முகம் சுளிக்கிறார்.

உன்னை மட்டும் குறை சொல்லக் கூடாது. தாத்தா படுத்த படுக்கையாகக் கிடந்தபோதும் பாட்டி எனக்கு ஹாஸ்டலுக்கு 'இவ்விடம் யாவரும் சுகம்' என்றுதான் எழுதினாள். நமக்கு இது வம்சத்தில் வந்தது.

போன மாதம் வீடியோவில் உனக்குப் பின்னால் அந்தச் சாய்வு நாற்காலியைக் காணோம். ஹாலை மாற்றிவிட்டீர்களோ என்னவோ. நான் கேட்கவில்லை, கண்ணில் பட்டது. செருப்பு அலமாரியும் காலியாகத் தெரிந்தது. அது கேமரா கோணமாக இருக்கும்.

நேற்று பரணைச் சுத்தம் செய்தபோது ஹார்லிக்ஸ் பாட்டில் கிடைத்தது. எந்தப் பாட்டில் என்று உனக்குத் தெரியும். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன் போலிருக்கிறது, சுற்றி வளைத்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் தமிழ் பேசினால் ஐம்பது காசு ஃபைன் என்று கொண்டுவந்தது நிர்வாகம் இல்லை. நான்தான். என் வகுப்பில் ஆரம்பித்தேன், மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைகளின் இங்கிலீஷ் நன்றாகத்தான் வந்தது, அதை வைத்து என்னைப் பாராட்டினார்கள். அந்தப் பெருமையில் வீட்டிலும் பாட்டிலை வைத்தேன். அப்பா ஒருநாள் சண்டை போட்டார், நான் கேட்கவில்லை.

நீ இரண்டாம் வகுப்பு. கொய்யா மரத்திலிருந்து விழுந்துவிட்டு வாசலில் வந்து நின்றாய். முகமெல்லாம் வியர்வை. வாட் ஹாப்பண்ட் என்று கேட்டேன். ஐ ஆம் ஃபைன் மம்மி என்றாய். நான் வெரி குட் என்று சொல்லிவிட்டு நோட்டுத் திருத்தப் போய்விட்டேன். மூன்றாம் நாள் ராத்திரி கை வீங்கி, தூக்கத்தில் "வலிக்குதும்மா" என்று தமிழில் முனகியபோதுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எலும்பு கீறியிருந்தது. மாவுக்கட்டுப் போடும்போது ஏண்டி சொல்லவில்லை என்று உன்னைத்தான் திட்டினேன். "எங்கிட்டக் காசு இல்ல" என்றாய்.

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவிடம்கூட. மரத்திலிருந்து விழுந்ததை மறைத்துவிட்டாள் என்று உன்மேல்தான் போட்டேன். நீ மறந்திருப்பாய் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த நாற்பத்தொன்றை எண்ணியபோது, மறக்கவில்லையோ என்று பயமாக இருக்கிறது.

பாட்டிலில் பதினேழரை ரூபாய் இருக்கிறது. பாதிக்கு மேல் ஐம்பது காசு, எந்தக் கடையிலும் வாங்க மாட்டேன் என்கிறார்கள். எல்லாம் உன்னுடையதுதான்.

பக்கத்து வீட்டுப் பையன் அடுத்த வாரம் ஆம்ஸ்டர்டாம் வருகிறான். முந்திரிக்கொத்து இரண்டு டப்பா கொடுத்தனுப்புகிறேன். ஒன்று மாப்பிள்ளைக்கு என்று எழுதி வைத்தேன், பிறகு சீட்டைக் கிழித்துவிட்டேன். யாருக்கு எத்தனை என்று நீயே பார்த்துக்கொள். மாத்திரையும் ஆறு அட்டை வைத்திருக்கிறேன், சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். உனக்குக் காலை எட்டு மணி. அப்பாவைக் கறி வாங்க அனுப்பிவிடுகிறேன், வர ஒரு மணி நேரம் ஆகும். போன் பண்ணு. நான் ஒன்றும் கேட்க மாட்டேன். நீ பேசுகிற மட்டும் பேசு, வாயில் வருகிறபடி பேசு.

அன்புடன்
அம்மா