பெயர் போட வேண்டாம் என்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அச்சில் வந்துகொண்டிருந்த பேகன் (கிறிஸ்தவத்துக்கு முந்தைய இயற்கை வழிபாட்டைப் புதுப்பித்துப் பின்பற்றும் மதம்), விட்ச்கிராஃப்ட் (அதையொட்டிய மந்திரச் சடங்கு மரபு) இதழ்கள் எப்படித் தோன்றின, எப்படி ஒவ்வொன்றாக நின்றுபோயின என்று நான் எழுதிவந்த கட்டுரைத் தொடர் சென்ற மாதம் முடிந்தது. உதவியவர்களின் பட்டியலைக் கடைசிப் பகுதியில் போடலாம் என்றிருந்தேன். கேட்டால் பாதிப் பேர் "எங்கள் பெயர் வேண்டாமே" என்கிறார்கள். மந்திர சக்தி இருப்பதாகச் சொல்லிக்கொள்பவர்களைத் தண்டித்த விட்ச்கிராஃப்ட் சட்டம் இங்கிலாந்தில் 1951இலேயே ரத்தாகிவிட்டது. இருந்தும் வேலை செய்யும் இடத்தில் தெரிந்தால் சங்கடம் என்று தயங்குகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அதனால்தான் பெயர்கள் இல்லாத இந்த மடல். யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி சாமர்செட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மாவுக்கு. பரணிலிருந்த பெட்டிகளை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டார். அதில் 'தி விக்கன்' இருந்தது. 1968இல் தொடங்கி, 1994இல் 'பேகன் டான்' என்று பெயர் மாறிய இதழ். எழுபதுகளின் பிரதிகளைப் புரட்டினால் தட்டச்சு எழுத்தும் மங்கிய மையும்தான். அவற்றிலிருந்த கட்டுரைகளைப் பற்றி நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்த அம்மாவோ கடைசிப் பக்கத்துச் சிறு விளம்பரங்களையே காட்டிக்கொண்டிருந்தார். ஊர்ப் பெயர், தபால் பெட்டி எண், ஒரு புனைபெயர், அவ்வளவுதான். அதில் ஒன்றுக்குக் கடிதம் எழுதித்தான் தன்னைப் போன்ற இன்னொருவரை வாழ்க்கையில் முதன்முதலாகச் சந்தித்தாராம். இதழ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. விளம்பரம் கொடுத்து, அது அச்சாகி, யாராவது பதில் போடுவதற்குள் ஒரு பருவமே மாறிவிடும். "அந்தக் காத்திருப்பு பழகிப்போச்சு" என்றார்.

தொடரின் மையக் கருத்தே அந்தப் பேச்சில்தான் எனக்குக் கிடைத்தது. இந்த இதழ்களுக்குச் சந்தா கட்டியவர்களில் பலர் கட்டுரைக்காகக் கட்டவில்லை, ஆள் தேடித்தான் கட்டினார்கள். 1997இல் அமெரிக்காவில் 'விட்ச்சஸ் வாய்ஸ்' என்ற இணையதளம் வந்து, எந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்பதை இலவசமாகப் பட்டியல் போடத் தொடங்கியதும் கடைசிப் பக்கத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. அந்தத் தளமும் 2019 முடிவில் மூடப்பட்டுவிட்டது என்பது வேறு கதை.

மதம் தேய்ந்ததால் இதழ்கள் தேய்ந்தன என்று சிலர் சொல்வதுண்டு. இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்தாலே அது நிற்காது. 2011இல் தங்களைப் பேகன் என்று எழுதியவர்கள் சுமார் 57,000 பேர், 2021இல் 74,000. பேகன் மதத்தின் ஒரு பிரிவான விக்கா என்று 2021இல் தனியாக எழுதியவர்கள் இன்னொரு 13,000. வாசகராகக்கூடியவர்கள் கூடிய அதே காலத்தில்தான் கடைகளில் இதழ்கள் குறைந்தன. இந்த எண்களை எனக்கு முதலில் எடுத்துக் காட்டிய பல்கலைக்கழக மாணவருக்கு நன்றி.

அடுத்தவர் அமெரிக்காவில் ஒரு சங்கிலிப் புத்தகக் கடையில் பத்திரிகைப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். நான் கேட்ட அசட்டுக் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாக மின்னஞ்சலில் பதில் எழுதினார். அங்கே கடைக்கு வரும் இதழ்கள் எல்லாமே 'விற்றால் காசு' கணக்கு. விற்காத பிரதியை முழுசாகத் திருப்பி அனுப்புவதுகூட இல்லையாம். அட்டையை மட்டும் கிழித்துக் கணக்குக் காட்டிவிட்டு மீதியைக் குப்பையில் போட்டுவிடுவார்களாம். நாலு பிரதி விற்க வேண்டுமென்றால் பத்து அச்சடிக்க வேண்டும். அச்சகத்துக்கும் தாளுக்கும் காசு உடனே போய்விடும். விற்ற பணம் விநியோகஸ்தர் கையைத் தாண்டி வர மாதங்கள் ஆகும். நடுவில் விநியோகஸ்தர் திவாலானால் அந்தப் பணமும் போச்சு. பெரிய பத்திரிகைகளுக்கு விளம்பர வருமானம் உண்டு. மெழுகுவர்த்தி, மூலிகை, டாரட் சீட்டு விற்பவர்களை நம்பி நடக்கிற பத்திரிகைக்கு அந்தப் பாதுகாப்பு ஏது? 2011இல் பார்டர்ஸ் என்ற சங்கிலிப் புத்தகக் கடைகள் மூடியபோது சிறிய இதழ்கள் நின்ற எத்தனையோ அலமாரிகள் ஒரேயடியாகக் காணாமல் போயின. இதை அவர் சொன்னபோது, இணையத்தை மட்டுமே குற்றம் சொல்லி நான் எழுதி வைத்திருந்த பகுதியைத் தூக்கிப் போட்டேன். நல்லவேளை.

நேரில் பார்த்திராத ஆசிரியர்களுக்கும் நன்றி சொல்லியாக வேண்டும். மைக்கேல் ஹோவர்ட் 1976இல் தொடங்கிய 'தி கால்ட்ரன்' இதழை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நடத்தினார். 2015இல் அவர் மறைந்தார். இதழும் அந்த ஆண்டோடு நின்றது. ஓபரான் ஜெல் 1968இல் அமெரிக்காவில் தொடங்கிய 'கிரீன் எக்', எழுபதுகளின் நடுவில் நின்று 1988இல் மறுபடி எழுந்தது. வாசகர்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொள்ளும் அதன் கடிதப் பகுதி, இன்றைக்கும் தூக்கம் கெட வாசிக்கலாம். ஆன் நியூகிர்க் நிவன் 'பான்கையா', 'நியூவிட்ச்' என்ற இரண்டையும் 2009இல் இணைத்து 'விட்ச்சஸ் அண்ட் பேகன்ஸ்' ஆக்கினார். பலர் அதைத் தோல்வி என்றே எழுதினார்கள். எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது. இரண்டையும் தனித்தனியே இழுத்துக்கொண்டிருந்தால் இரண்டுமே போயிருக்கும்.

கார்ன்வாலில் பாஸ்கேசிலில் இருக்கும் விட்ச்கிராஃப்ட் அருங்காட்சியக நூலகத்தாருக்கு நன்றி. 2004 ஆகஸ்ட் வெள்ளம் உள்ளே புகுந்த கட்டடம் அது. அதற்குப் பிறகும் பழந்தாள்களை இத்தனை அக்கறையோடு வைத்துக்கொண்டு, கேட்டதை எடுத்துக் கொடுத்தார்கள்.

வீட்டில் என் அத்தைக்கு. மதுரையிலிருந்து பேரனைப் பார்க்க வந்தவர், கூடம் முழுக்கப் பெட்டிகளைக் கண்டு, "ஏம்மா, பில்லி சூனியப் புஸ்தகத்தையா வீட்டுக்குள்ள வச்சிருக்க?" என்று முகம் சுளித்தார். மறுநாள் பார்த்தால் அவரே தரையில் உட்கார்ந்து இதழ் எண் பார்த்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கிறார். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்த தலைமுறை. இடையில் ஒரு எண் விடுபட்டால் அவருக்குப் பொறுக்காது. தலைமாட்டில் ஒரு விபூதிப் பொட்டலம் மட்டும் வைத்துக்கொண்டார்.

தொடரின் தலைப்பில் 'முடிவு' என்ற சொல் இருந்ததற்காகக் காட்டமாகக் கடிதம் எழுதிய கிளாஸ்டன்பரி கடைக்காரருக்கும் நன்றி. 'பேகன் டான்' இன்றும் ஆண்டுக்கு நான்கு முறை பண்டிகைக் காலக் கணக்கில் அச்சில் வருகிறது, 1971இல் தொடங்கிய 'தி விட்ச்சஸ் ஆல்மனாக்' ஆண்டுதோறும் வருகிறது, உயிரோடிருப்பவர்களுக்குக் கருமாதி செய்யாதீர்கள் என்று எழுதியிருந்தார். தலைப்பை மாற்றவில்லை. அவர் கடிதத்தை அடுத்த பகுதியிலேயே முழுதாகப் போட்டேன்.

இனிக் காரியம். இரவல் வாங்கிய இதழ்களில் பெரும்பாலானவை திரும்பப் போய்விட்டன. பிரிஸ்டல் புத்தகச் சந்தையில் என்னிடம் ஒரு பை நிறைய 'குவெஸ்ட்' இதழ்களைக் கொடுத்துவிட்டு விலாசம் சொல்லாமல் போன பெரியவர் மட்டும் தயவுசெய்து தொடர்புகொள்ளுங்கள். பை பத்திரமாக இருக்கிறது. உங்களுக்கு வேண்டாமென்றால் ஏதாவது நூலகத்துக்குக் கொடுத்துவிடுகிறேன். அதற்கும் நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

அன்புடன்,
தொடரை எழுதியவள்
பிரிஸ்டல்