புறக்கோட்டை முதலாளிமாருக்கு: பொடியன் சோம்பேறி இல்லை

மதிப்புக்குரிய முதலாளிமாருக்கு,

கெய்சர் வீதியிலும் குறுக்குத் தெருக்களிலும் பழைய சோனகத் தெருவிலும் கடை வைத்திருக்கும் உங்களுக்கு, தொழிலாளர் உடல்நலம் பார்க்கும் மருத்துவர்களும் தாதியரும் எழுதுவது. பகல் இரண்டு மணிக்குப் பில்லைப் பிழையாக எழுதும் பிள்ளையையும், மூட்டையை இறக்கிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிடும் நாட்டாமையையும் கண்டால் "சோம்பேறி" என்ற சொல்தான் வாயில் வருகிறது. அந்தக் களைப்பின் காரணங்களில் பல அவர்கள் கையில் இல்லை, உங்கள் கையில் இருக்கின்றன. அதனால்தான் இதை அவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறோம்.

முதலில் தண்ணீர். கொழும்பில் வெயில் 31, 32 பாகைதான், ஆனால் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வழிகிறது, காய்வதில்லை. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. நீரும் உப்பும் போனதுதான் மிச்சம். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீர் குறைந்தாலே, அதாவது 60 கிலோ ஆளுக்கு 1.2 லீற்றர் போனாலே, கவனம் சிதறும், தலையிடிக்கும், கால் கனக்கும். தாகத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. பாரம் சுமப்பவருக்கு 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கப், அதாவது 250 மில்லிலீற்றர் வேண்டும். ஆறு மணிநேரச் சுமை வேலைக்கு இது 4.5 லீற்றர். ஒரு 19 லீற்றர் போத்தல் நான்கு பேருக்குத்தான் காணும். மத்தியானம் வரை ஒன்றும் குடிக்காமல் இருந்துவிட்டு ஒரேயடியாக ஒரு லீற்றர் குடித்தால் அதில் கணிசமான பகுதி சிறுநீராகப் போய்விடும். மணிக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் குடிப்பதும் ஆபத்து, இரத்தத்தில் உப்பு ஐதாகிவிடும். மணிக்கணக்கில் வியர்த்து, சாப்பாடும் சரியாக இறங்காதவருக்கு ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, சீனிப் பொடி) கொடுக்கலாம். பக்கற்றில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பக்கற்றையும் கரையுங்கள். "கொஞ்சம் கடுமையாக இருக்கட்டும்" என்று ஒரு கிளாசில் கொட்டிக் கலக்குவது வழக்கமான பிழை.

போத்தலை வாங்கி வைத்ததோடு இது முடிவதில்லை. கவுண்டரில் நிற்கும் பெண் பிள்ளைகள் தண்ணீர் இருந்தும் குடிப்பதில்லை. காரணம் மலசலகூடம். கடைக்குள் அது இல்லை. இருந்தாலும் பூட்டுப் போட்டு, திறப்பு முதலாளியின் லாச்சிக்குள் கிடக்கிறது. எத்தனை ஆண்களுக்கு முன்னால் போய் அதைக் கேட்பது? கேட்பதற்கு வெட்கப்பட்டுக் காலையிலிருந்தே குடிக்காமல் விடுகிறார்கள். பின்னேரம் தலையிடி, சிறுநீர் எரிவு, மறுநாள் லீவு. சிறுநீரின் நிறமே அளவுகோல்: தேசிக்காய்த் தண்ணீர் போல வெளிறியிருந்தால் நல்லது, பிளேன்டீ நிறத்தில் போனால் தண்ணீர் காணாது.

பிளேன்டீ என்றதும் இன்னொன்று. களைப்புக்கு மருந்தாகக் கடைக்குக் கடை அதுதான் ஓடுகிறது. தேயிலையின் கஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணிநேரம் எடுக்கும். மாலை ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி இரவு பதினொன்றுக்கும் உடம்பில் நிற்கும். தூக்கம் வந்தாலும் ஆழமாக வராது. பத்து மணிக்குப் படுப்பவர் மூன்று, நான்கு மணியோடு நிறுத்துவது நல்லது. கப்புக்கு மூன்று கரண்டி சீனி போட்டால் ஐந்து கப்பில் 60 கிராம் சீனி. ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சோற்றுப் பார்சலோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர் இதைவிட மோசம். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுக்கவிடாமல் அது பாதிக்கு மேல் தடுத்துவிடும். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணிநேரம் விட வேண்டும். கீரையில் தேசிக்காய் பிழிந்தால் எதிர்மாறாக நன்மை. இரத்தத்தில் ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்குப் பெண்ணுக்கு 12 கிராமுக்கும் ஆணுக்கு 13 கிராமுக்கும் கீழே போனால் இரத்தசோகை. எவ்வளவு தூங்கினாலும் அந்தக் களைப்பு போகாது. ஆனால் பரிசோதிக்காமல் பாமசியில் இரும்புக் குளிசை வாங்கிக் கொடுக்காதீர்கள். தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டின் காவிகளது இரத்த அறிக்கையும் இரும்புக் குறைபாடு போலவே தெரியும், அவர்களுக்குக் குளிசையால் பயனில்லை.

இனிக் கடையின் மேல்மாடி. ஹட்டன், தலவாக்கலைப் பக்கமிருந்து வந்த பொடியன்கள் பலர் கடைக்கு மேலேயே படுக்கிறார்கள். தகரக் கூரை பகலில் வாங்கிய சூட்டை இரவில் கீழே இறக்கும். ஃபேனை ஆட்களின் பக்கம் திருப்பினால் அதே சூட்டுக் காற்றுத்தான் சுற்றும். பொழுதுபட்டதும் ஒரு யன்னலில் வெளிப்பக்கம் பார்த்து ஃபேனை வைத்து, எதிர்ப்பக்க யன்னலைத் திறந்துவிட்டு ஒரு மணிநேரம் ஓடவிடுங்கள். படுக்கும்போது உள்ளே திருப்பலாம். போன் பார்த்துக்கொண்டு ஒரு மணி வரை விழித்திருக்கிறார்கள் என்று குறைப்படுகிறீர்கள். பத்து மணிக்குக் கடை கழுவி முடிப்பவனுக்குத் தனக்கென்று கிடைப்பது அந்த நேரம் மட்டுந்தான். ஏழு மணிநேரத் தூக்கம் வேண்டுமென்றால் கடையை முந்திப் பூட்ட வேண்டும். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டமும் நாளுக்கு 8 மணிநேரம், வாரத்துக்கு 45 மணிநேரம் என்றுதானே சொல்கிறது.

சீசன் காலத்தில் இரவு ஸ்டொக் எடுப்பதை விட்டுவிடுங்கள். 17 மணிநேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம் இரத்தத்தில் 0.05 வீத மதுசாரம் உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமம். காலை ஐந்தரைக்கு எழும்பியவருக்கு அது இரவு பத்தரை. அந்த நேரத்து எண்ணிக்கையை மறுநாள் திரும்ப எண்ண வேண்டி வரும், ஏணியில் நிற்பவர் விழவும் கூடும்.

பகல் ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் வரும் சோர்வு உடம்புக் கடிகாரத்தின் வேலை. சோறு அதைக் கூட்டும், உண்டாக்குவதில்லை. சோற்றில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து முட்டையோ பருப்போ கூட்டலாம். சாப்பாட்டு நேரத்தில் 15, 20 நிமிடம் கண் மூடவிடுங்கள், அலாரம் வைத்து. அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழும்பி முன்பைவிட மந்தமாக நிற்பார்கள். காசு எண்ணுவது, கொள்கலன் இறக்குவது போன்றவற்றைக் காலையில் வையுங்கள். கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போடுங்கள். அசையாமல் நிற்கும்போது இரத்தம் காலில் தேங்கும்.

இரண்டு கிழமைக்கு மேல் நல்ல தூக்கத்துக்குப் பின்னும் களைப்பு நீடித்தால், கூடவே இருமல், மெலிவு, அதிக தாகம், குறட்டை இருந்தால் அரச மருத்துவமனைக்கு அனுப்புங்கள், பரிசோதனை இலவசம். சம்பளத்தை வெட்டினால் யாரும் போகமாட்டார்கள். டெங்கு வந்து போனவருக்குக் களைப்பு சில கிழமைகள் நீடிக்கலாம், உடனே மூட்டை தூக்க வைக்காதீர்கள். வெயிலில் ஒருவர் பேச்சுக் குழம்பினால் நிழலில் கிடத்தி, தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

இவை எல்லாவற்றையும் இந்தக் கிழமையே செய்ய முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். மலசலகூடத் திறப்பை மட்டும் நாளைக் காலை லாச்சியிலிருந்து எடுத்து, அந்தக் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் மாட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
கொழும்பில் தொழிலாளர் உடல்நலம் பார்க்கும் மருத்துவர்களும் தாதியரும்