சீட்டில் சிவப்பு மையால் எழுதிய அக்காவுக்கு

பிள்ளை பிறந்து 50 நாள் ஆகிறது, இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுத முடிந்தது. ஐந்தாம் மாதத்தில் எனக்கு லேசாக ரத்தம் பட்டது. முதலில் காட்டிய இடத்தில், பெயர் வேண்டாம், கர்ப்பப்பை வாயில் கட்டி மாதிரி இருக்கிறது, புற்றுநோயாகவும் இருக்கலாம், சீக்கிரம் வெட்டி எடுங்கள் என்று இரண்டே நிமிடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கோட்டையூருக்கு எப்படித் திரும்பி வந்தேன் என்றே நினைவில்லை. அன்று ராத்திரியே போன் போட்டு, காரைக்குடியில் ஒரு டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கித் தந்த எங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியருக்கு முதல் நன்றி.

டாக்டரம்மா, நீங்கள் எடுத்த எடுப்பில் கை வைக்கவில்லை. நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்த பிறகுதான் உள்ளே பார்த்தீர்கள். கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களைத் துடைத்தெடுக்கும் பாப் ஸ்மியர் டெஸ்ட் எடுத்துவிட்டு, அசிட்டிக் அமிலம் தொட்ட பஞ்சை வைத்து, பெரிதாக்கிக் காட்டும் கால்போஸ்கோப் கருவியில் பொறுமையாகப் பார்த்தீர்கள். அப்புறம் ஸ்கேன் கவரின் பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவில் படம் போட்டுக் காட்டினீர்களே, அந்தக் கவரை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். கர்ப்பத்தில் ஹார்மோனால் கர்ப்பப்பை வாயின் உள்பக்கத் தோல் வெளியே திரும்பிச் சிவப்பாகத் தெரியும், தொட்டால் ரத்தம் வரும். கர்ப்பப்பைக்குள் உள்தோல் தடித்து வழக்கமாக வரும் டெசிடுவா மாற்றம் சிலருக்கு வாயிலும் வந்து புடைத்து நிற்கும், பார்க்கப் புற்று மாதிரியே இருக்கும், ஆனால் பிரசவத்துக்கு அப்புறம் தானாக அடங்கிவிடும் என்றீர்கள். "சந்தேகம் இருந்தா கர்ப்பத்துலயும் துளி சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புவேன், உனக்கு இப்ப அது தேவையில்ல" என்று நீங்கள் சொன்ன பிறகுதான் நான் சோறு சாப்பிட்டேன்.

ஓபி-யில் இருந்த நர்ஸ் அக்கா, உங்கள் பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். லேப் சீட்டில் '5 மாத கர்ப்பிணி' என்று சிவப்பு மையால் எழுதி இரண்டு கோடு போட்டீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "டெசிடுவா செல்லு ஸ்லைடுல கெட்ட செல்லு மாதிரி தெரியும்மா, மாசமா இருக்கறது தெரியாமப் பாத்தா தப்பா எழுதிருவாங்க" என்றீர்கள். அந்த இரண்டு கோடு எனக்கு எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியாது. ரிப்போர்ட் நல்லபடியாக வந்தது.

பிரசவம் ஆகி ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது அந்தப் புடைப்பு இருந்த இடமே தெரியவில்லை. கொப்புடையம்மனுக்கு நேர்ந்துகொண்ட அப்பத்தா உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே விளக்குப் போட்டுவிட்டு வந்தார்கள்.

அடுத்த வாரம் பிள்ளையார்பட்டி போகிறோம், போகிற வழியில் ஓபி-க்கு வருவோம். அக்கா, டூட்டியில் இருந்தால் பிள்ளையை ஒரு தடவை கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.