இரவில் ஏ.சி.யை நிறுத்தாதீர்கள்

கோவை, ஓசூர் வட்டாரத் துல்லியப் பட்டறை உரிமையாளர்களுக்கு,

வணக்கம். முப்பது ஆண்டுகள் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் எழுதுகிறேன். அண்மையில் நம்மவர் ஒருவர், புதிதாக வாங்கிய அளவுக் கருவியைப் பார்க்க அழைத்திருந்தார். திரையில் நானோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரை எண்கள் ஓடின. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கோ அறைக்குள் நுழைந்ததுமே வியர்த்தது. மின்கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று இரவில் ஏ.சி.யை நிறுத்திவிட்டு, காலை ஷிப்ட்டுக்குத்தான் போடுகிறார்களாம்.

100 மி.மீ. எஃகு ஸ்லிப் கேஜ் (அளவை ஒப்பிட வைத்திருக்கும் கட்டை) ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 1,150 நானோமீட்டர் நீளும். கையில் சற்று நேரம் பிடித்திருந்தாலே திரையின் கடைசி மூன்று இலக்கங்களுக்கும் பொருளில்லை. அளக்கும் உதிரிபாகமான ஜாப்பும் கேஜும் ஒரே எஃகு, ஒரே சூடு என்றால் பிழை தன்னாலேயே கழிந்துவிடும் என்பீர்கள், உண்மைதான். அலுமினிய ஜாப்புக்கு அந்தச் சமாதானம் செல்லாது. அது எஃகைப்போல் இரு மடங்கு விரியும். நீளத்தை 20 டிகிரியில் சொல்ல வேண்டும் என்று 1931இலேயே முடிவாகிவிட்டது. அந்த 20 டிகிரி சுவரில் மாட்டிய வெப்பமானியில் தெரிந்தால் போதாது, ஜாப்பின் நடுவயிற்றிலும் இருக்க வேண்டும். கனத்த வார்ப்பு அந்தச் சூட்டுக்கு வந்துசேரப் பல மணி நேரம் பிடிக்கும்.

லேசர் அளவுக் கருவி வைத்திருப்பவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது. லேசர் எண்ணுவது ஒளியின் அலைகளை; அலையின் நீளமோ அது கடந்துபோகும் காற்றைப் பொறுத்தது. காற்று ஒரு டிகிரி மாறினால், ஒரு மீட்டர் தூரத்தில் கிட்டத்தட்ட ஒரு மைக்ரான் (ஆயிரம் நானோமீட்டர்) பிசகும்.

இன்னொன்று. ஹபிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் கண்ணாடியைச் சோதித்த முதன்மைக் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. தள்ளி உட்கார்ந்திருந்தது. கண்ணாடியை அந்தக் கருவியை நம்பியே இழைத்தார்கள், அதுவும் அபாரமான நேர்த்தியோடு. விளிம்பில் 2.2 மைக்ரான் பிசகு. துல்லியம் குறைந்த வேறு சோதனைகள் ஏதோ தவறு என்று அப்போதே காட்டியிருந்தன. அவற்றை நம்பத்தக்கவை அல்ல என்று ஒதுக்கிவிட்டார்கள். 1990இல் விண்ணுக்குப் போன பிறகுதான் படங்கள் மங்கலாக வந்தன. 1993இல் வீரர்கள் மேலே போய்ச் சரிசெய்ய வேண்டியிருந்தது. முள் நகர்ந்து அளவு காட்டும் உங்கள் பழைய டயல் கேஜ் புதுக் கருவியோடு முரண்பட்டால், அதை அலமாரியில் வைத்துப் பூட்டுமுன் ஒரு நாள் யோசியுங்கள்.

புதுக் கருவிக்கு விலை பேசும்போதே அறைக்கான செலவையும் சேர்த்துக் கேளுங்கள். இதை நண்பரிடம் சொன்னேன். பதிலுக்கு மின்கட்டண ரசீதை எடுத்துக் காட்டினார். நிராகரிக்கப்பட்டுத் திரும்பிய ஜாப்களின் கணக்கையும் எடுங்கள் என்றேன். அது வேறு கோப்பில் இருக்கிறதாம்.

அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். ஒரு ஸ்லிப் கேஜும் வெப்பமானியும் எடுத்துக்கொண்டு போகிறேன். உங்களில் யார் கூப்பிட்டாலும் வருவேன். காலையில், ஏ.சி. போடுமுன் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவன்