‘அணுகலாம்’ என்ற ஒரு சொல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டா மாறுதலுக்கு அலைய விடுகிறார்கள் என்று கேட்ட வாசகருக்கு, சென்ற இதழின் சட்டப் பகுதியில் ‘அதிகாரி கடமை தவறினால் நீதிமன்றத்தை அணுகலாம்’ என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தீர்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் அணுகியவள், ஐயா. கணவர் இறந்த பிறகு பட்டாவில் பெயர் மாற்ற மனு கொடுத்தேன். வி.ஏ.ஓ. சர்வேயரைப் பார்க்கச் சொன்னார், சர்வேயர் தாலுகா ஆபீஸுக்குப் போகச் சொன்னார். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனு, நான் யார்மேல் புகார் சொன்னேனோ அவர் மேசைக்கே ‘உரிய நடவடிக்கைக்காக’ வந்து சேர்ந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன், 30 நாளில் பதில் இல்லை. அந்தச் சட்டத்தின் 20ஆம் பிரிவில், பதில் தராத அதிகாரிக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் என்று இருக்கிறது. இரண்டு மேல்முறையீட்டுக்குப் பிறகு எனக்குக் கிடைத்தது, அந்த அதிகாரியை எச்சரித்ததாக ஒரு வரி.

கடைசியில், அதிகாரியைக் கடமையைச் செய்யச் சொல்லும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போட்டேன். மனுவை 12 வாரத்துக்குள் பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பட்டா கொடு என்றில்லை, பரிசீலி என்றுதான். அந்தக் கெடுவும் தாண்டி, அவமதிப்பு வழக்கு போடுவோம் என்று வக்கீல் நோட்டீஸ் போன பிறகே பட்டா வந்தது. இரண்டே கால் வருஷம். என் வளையல் இரண்டும் அதில் போயின. இழுத்தடித்தவரோ பதவி உயர்வில் வேறு ஊருக்குப் போய்விட்டார்.

இப்படி அலைக்கழித்ததற்கு இழப்பீடு கொடுத்தால், அதைப் பொறுப்பான அதிகாரிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993இலேயே சொல்லியிருக்கிறது. உங்களுக்குத் தெரியாததா? அந்த வாசகருக்கு அதையாவது சொல்லியிருக்கலாம்.

2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 17ஏ பிரிவைச் சேர்த்தார்கள். அதிகாரி அலுவல் முறையில் எடுத்த முடிவைப் பற்றி போலீஸ் விசாரிக்கவே முன் அனுமதி வேண்டும், லஞ்சம் வாங்கும்போது கையும் களவுமாகப் பிடித்தால் மட்டும் வேண்டாம். அப்போது அதைப் பற்றி உங்களுக்கு இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். நான்கு வரியாகச் சுருக்கினீர்கள். ரசாயனம் தடவிய நோட்டோடு பிடிபட்டவர் படத்தைப் பெரிதாகப் போடுகிறீர்கள், சரி. அந்த வழக்கு என்ன ஆனது என்று பிறகு ஒரு வரி கூடப் படித்த ஞாபகம் எனக்கில்லை. முப்பது வருஷமாக உங்கள் இதழை வாங்குகிறவள் என்ற உரிமையில் கேட்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். வளையலை விற்ற பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. அடுத்த இதழில் அந்தப் பதிலுக்குக் கீழே இதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
மதுரை மாவட்டம்