காதால் கதை பார்த்தவர்களுக்கு நன்றி

அன்பான அக்காமார்களே, அண்ணன்மார்களே, பாட்டிமார்களே, தம்பி தங்கைகளே,

வணக்கம். தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேசலாம் என்று சேலம் அம்மாபேட்டையில் நாங்கள் சிலர் தொடங்கிய கூடல் இந்தத் தையோடு ஓராண்டை நிறைவு செய்கிறது. சீரியலைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வியைப் பொருட்படுத்தாமல் வந்து, மனம் திறந்து பேசி, சண்டை போட்டு, மறு மாதமும் வந்த உங்களுக்குப் பொதுவில் நன்றி சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

முதல் நன்றி, கைத்தறி வீடுகளிலும் கொலுசு வீடுகளிலும் இருந்து வந்த பெண்களுக்கு. உங்களிடம் நான் கற்றுக்கொண்டதை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவரின் கண் பாவு நூலை விட்டு அகலக் கூடாது. இழை அறுந்தால் அந்த நொடியே பிணைத்தாக வேண்டும். கொலுசுக்கு வளையம் கோக்கிறவருக்கும் அதே கட்டாயம்தான். பக்கத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும்; கை வேலை செய்யும், காது கதை கேட்கும். ஆண்டுக்கணக்கில் இப்படிக் கேட்டுக் கேட்டு, எழுத்தின் தரத்தை எடை போடும் ஒரு திறமை உங்களிடம் வளர்ந்திருக்கிறது. அதற்கு நீங்கள் பெயர் வைத்ததில்லை, பெருமை பேசியதும் இல்லை.

செவ்வாய்ப்பேட்டை அக்கா ஒருவர் சொன்னது என் குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது. “முன்பெல்லாம் பேசுவது மாமியாரா, மூத்த மருமகளா என்று நிமிர்ந்து பார்க்காமலே எனக்குத் தெரியும். இப்போது கொஞ்ச நாளாக வீட்டில் எல்லாரும் ஒரே வாயால் பேசுகிறார்கள். எழுதுகிற ஆள் மாறிவிட்டாரா?” அன்று இரவு அந்தத் தொடரின் பெயர்ப் பட்டியலை நிறுத்திப் பார்த்தோம். வசனம் என்ற இடத்தில் வேறு ஒரு பெயர் இருந்தது. யாரும் அவருக்குச் சொல்லவில்லை. காது சொல்லிவிட்டது.

அதன் பிறகு கூடலின் முறையையே மாற்றினோம். திரையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு அந்த வாரத்தின் ஓர் அத்தியாயத்தைக் கேட்டோம். நல்ல அத்தியாயம் என்றால் துண்டு இருப்பதே மறந்துபோனது. “சாப்பிட்டாயா?” என்ற ஒரே கேள்வியைத் தாய் கேட்கும்போது கவலையும் நாத்தனார் கேட்கும்போது வேவு பார்ப்பதும் அதில் இருந்தன, அடுத்து வந்த பதில்களை வைத்தே அது புரிந்தது. மோசமான அத்தியாயத்திலோ நீண்ட நேரம் பின்னணி இசை மட்டுமே ஒலித்தது. துண்டை விலக்கிப் பார்த்தால் ஒருவர் முகம், அடுத்தவர் முகம், மறுபடி முதலாமவர் முகம். “இவ்வளவு நேரத்தில் நான் ஒரு கொலுசில் பாதி கோத்துவிடுவேன், கதை ஓர் அடி நகரவில்லை” என்று அதே அக்கா சொன்னார். ஓர் அத்தியாயத்தின் வேகத்தை இதைவிடத் துல்லியமாக யாராலும் அளந்து சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன்.

நெசவுத் தொழிலில் முதிர்ந்த ஐயா ஒருவருக்கு அடுத்த நன்றி. வானொலியில், திரைப்படத்தின் ஒலியை மட்டும் கேட்கத் தரும் ஒலிச்சித்திரம் ஒலிபரப்பாகும் நேரத்துக்குத் தறியடியில் ஆட்கள் கூடிய காலத்தை அவர் எங்களுக்குச் சொன்னார். படத்தைப் பார்க்காமலே வசனம் முழுவதும் மனப்பாடம் ஆனவர்கள் அவர் தெருவில் இருந்தார்களாம். டி.ஆர். சுந்தரம் 1935இல் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற திரைப்பட நிறுவனத்தைத் தொடங்கிய ஊர் இது. 1950இல் வெளிவந்த ‘மந்திரி குமாரி’க்குக் கலைஞர் மு. கருணாநிதி வசனம் எழுதியது இந்த நிறுவனத்துக்காகத்தான். ஏற்காடு சாலையில் இன்று அதன் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது. வசனத்தைக் காதில் வாங்கி எடை போடும் பழக்கம் சேலத்துக்கு நேற்று வந்ததல்ல என்று ஐயா சொன்னபோது, கூடலில் இருந்த கல்லூரிப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கும் நன்றி. கைப்பேசியில் வேகத்தைக் கூட்டி வைத்துத் தொடர் பார்க்கிறவர்கள் நீங்கள். பெரியவர்கள் அதைக் குறையாகச் சொன்னார்கள். ஆனால் எந்தக் காட்சி வந்தால் நீங்களே வேகத்தைக் குறைக்கிறீர்கள் என்று கேட்டபோது கிடைத்த பதில்களைத் தொகுத்துப் பார்த்தேன். இரண்டு பேர் ஒரு பொய்யை நடுவில் வைத்துக்கொண்டு பேசும் காட்சி, கோபக்காரர் திடீரென்று குரல் தாழ்த்தும் காட்சி, சமையலறையில் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் காட்சி. தறி வீட்டு அக்காக்கள் விரும்பிச் சொன்ன காட்சிகளும் இவைதான். இரு தலைமுறையும் ஒரே இடத்தில் வந்து நின்றதைக் கண்டு எனக்கு மனம் நிறைந்துபோனது.

எங்கள் கூடலில் மிகவும் சூடாக நடந்த விவாதம் ‘எதிர்நீச்சல்’ தொடரைப் பற்றியது. ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று காலமானார். பின்னர் அந்தப் பாத்திரத்தில் வேல ராமமூர்த்தி நடித்தார். ஒரு பாத்திரம் நடிகருக்குச் சொந்தமா, எழுத்துக்குச் சொந்தமா? அதட்டல் எழுத்திலேயே இருக்கிறது, யார் பேசினாலும் அது குணசேகரன்தான் என்று ஒரு சாரார் வாதிட்டார்கள். அந்த வரிகள் மாரிமுத்துவின் மூச்சுக்கும் இழுப்புக்கும் ஏற்றபடி நாளடைவில் வளர்ந்தவை, இன்னொருவர் வாயில் வேறு வரிகள் பிறந்திருக்க வேண்டும் என்றார்கள் மற்றவர்கள். நான் இரண்டாவது அணி. தொடர் 2024 ஜூனில் முடிந்துவிட்டது. எங்கள் விவாதம் முடியவில்லை. வெறுக்க வேண்டிய ஒரு பாத்திரத்தை நடித்தவருக்காக உண்மையிலேயே கண் கலங்கிப் பேசிய கிச்சிப்பாளையம் பாட்டியை நான் மறக்க மாட்டேன். குணசேகரன் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லித் திட்டிவிட்டு, “நல்ல மனுஷன்” என்று அவர் முடித்தார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். சென்னைத் தொலைக்காட்சியில் நேயர் கடிதங்களுக்குப் பதில் சொல்லும் ‘எதிரொலி’ நிகழ்ச்சி வந்த காலத்தில் விடாமல் அஞ்சலட்டை எழுதியவர் அவர். நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை என்ற இரண்டு சொற்களைக் கூடலில் அவர் அனுமதிக்கவே இல்லை. எந்தக் கிழமை, எந்தக் காட்சி, யார் சொன்ன எந்த வரி, ஏன் பிடித்தது, ஏன் உறுத்தியது. இதைச் சொல்ல முடியாதவரை ஒரு மாதம் யோசித்துவிட்டு வரச் சொன்னார். கண்டிப்பு சிலருக்குக் கசந்தது. ஆனால் எங்கள் குறிப்பேடு இன்று படிக்கத் தகுந்ததாக இருப்பதற்கு அவர்தான் காரணம்.

ஆண்டின் கடைசிக் கூடல் மார்கழிக் குளிரில் ஏற்காட்டில் நடந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தலைசுற்றலோடு தாண்டி வந்த பாட்டிமார்களுக்கு வணக்கம். காப்பிப் பழம் பறிக்கும் மும்முரத்தில் வேலையை விட்டுவிட்டு வந்த மலைக் கிராமப் பெண்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்?

ஐப்பசி மழையில் அவர்கள் ஊரில் டிஷ் சிக்னல் அடிக்கடி போய்விடும். பாதியில் நின்ற காட்சியை மறுநாள் தோட்டத்தில் செடிக்குச் செடி நின்று பேசியே முடிப்பார்களாம். யார் கதவைத் திறந்திருப்பார், அவள் என்ன சொல்லியிருப்பாள், அவன் அதற்கு வாய் திறந்திருப்பானா என்று. அப்படி அவர்கள் முடித்த ஒரு காட்சியைச் சொல்லிக் காட்டினார்கள். திருடிய நகையோடு பிடிபட்ட மருமகளிடம் மாமியார் ஒரு வார்த்தையும் கேட்காமல், “வா, சாப்பாடு ஆறுகிறது” என்கிறாள். அவ்வளவுதான் காட்சி. தொலைக்காட்சியில் வந்ததோ மூன்று நாள் கூச்சல். இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் எங்களில் யாரும் பேசவில்லை.

அவர்களில் ஒருவர் இன்னொன்றும் சொன்னார். “எங்கள் மலையைக் காட்டும்போதெல்லாம் புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து ஏரியில் படகு விடுகிறார்கள். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து மிளகு பறிக்கிறவர்களும், கூடை கட்டிக்கொண்டு காப்பி பறிக்கிறவர்களும் ஒரு கதையிலும் பேசுவதே இல்லை.” தொடர்களின் எழுத்தைப் பற்றி இந்த ஓராண்டில் நான் கேட்ட மிகக் கனமான விமர்சனம் இது. தொடர்களைத் தயாரிப்பவர்களுக்கு நாங்கள் எழுதிய கடிதத்தில் முதல் பத்தியாக இதைத்தான் வைத்திருக்கிறோம்.

அந்தக் கூடலுக்குச் சென்னையிலிருந்து வந்து, பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வசனகர்த்தாவுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. பல நாள்களில் படப்பிடிப்பு தொடங்கும் காலையில்தான் அன்றைய காட்சியை எழுதிக் கொடுக்க முடிகிறது என்று சொன்னீர்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று வியாழக்கிழமை வரும் டிஆர்பி கணக்கைப் பார்த்துவிட்டு, நன்றாகப் போய்க்கொண்டிருந்த கதைப்போக்கை மாற்றச் சொல்வார்கள் என்றும் சொன்னீர்கள். நாங்கள் திட்டிய வரிகளுக்குப் பின்னால் தூக்கமில்லாத ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை அன்றுதான் நேரில் பார்த்தோம். நீங்கள் எதற்கும் சமாதானம் சொல்லாமல், அந்த மாமியாரின் ஒற்றை வரியைக் கையேட்டில் எழுதிக்கொண்டீர்கள். உங்கள் மேல் எங்களுக்கு மதிப்பு கூடியது அப்போதுதான்.

மாதந்தோறும் வாடகை வாங்காமல் மாடிக் கூடத்தைத் திறந்துவிட்ட குடும்பத்துக்கும், தட்டுவடை செட் கட்டிக் கொடுத்துவிட்டுப் பாதிக் காசு மட்டும் வாங்கிக்கொண்ட கடைக்கார அண்ணனுக்கும், மலைக்கு வேன் ஓட்டி வந்த தம்பிக்கும், கூடல் நாளன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு சமைத்தும் வைத்த கணவன்மார்களுக்கும் நன்றி.

தொடர்களைத் தயாரிப்பவர்களுக்கு நாம் எழுதிய கடிதம் தபாலில் போய்விட்டது. அதன் நகல், குறிப்பேட்டோடு சேர்த்து அதே மாடிக் கூடத்தில் இருக்கிறது. யாருடைய கருத்தாவது விடுபட்டிருந்தால் ஓரத்தில் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் அதற்கு இடம் விட்டிருக்கிறேன்.

மிக்க நன்றியுடன்,
உங்கள் கூடல் தோழி,
அம்மாபேட்டை, சேலம்